பளபளப்பின் விலை: மகிழுந்தின் சாயத்தை வீட்டிலேயே பேணுவது எப்படி?

நம் இல்லங்களுக்குப் புதிய மகிழுந்து வந்து சேரும் நாளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வீட்டுக்கு வரும் முன்னரே கோயிலுக்குப் போகிறது. ஐயர் சந்தனமும் குங்குமமும் இடுகிறார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். வீட்டுக்கு அடுத்தபடியாக நம் பெற்றோர் தம் வாழ்நாளில் செலவிடும் பெரிய தொகை அதுதான் என்பதால் அந்த மரியாதை. ஆனால், பூசை முடிந்த மறுவாரமே அதே மகிழுந்தைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தாலும் பழைய பனியன் துணியாலும் தேய்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அப்பாவிடம் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகா ஒன்று இருக்கிறது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்ட நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து அது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அப்பா, கிள்ளானில் வேலை கிடைத்து, 1994இல் அதனை வாங்கினார். எங்கள் வீட்டில் அதற்கு 'மகிழுந்து' என்ற பெயர் கிடையாது. 'காடி' என்றால் அதுதான். அக்காவும் நானும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காடியில். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போனதும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்கு மாறியதும், பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்ளப் பெட்டியோடு வந்ததும் அதே காடியில்தான்.

கடந்த ஆண்டு அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய மகிழுந்து ஒன்றை வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னபோது, அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பொண்ணு நம்ம காடியிலதான் மண்டபத்துக்குப் போவணும்."

எனக்கு அப்போது பருவ விடுமுறை. திருமணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. காடியைப் புதிதுபோல் மின்ன வைத்து அப்பாவை அசத்த வேண்டும் என்று நான் இறங்கினேன். அதில் நான் செய்த தவறுதான் இக்கட்டுரை எழுதக் காரணம். அந்தத் தவற்றுக்குப் பிறகு படித்தும், கேட்டும், செய்துபார்த்தும் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாயம் என்பது எவ்வளவு?

இக்காலத்து மகிழுந்தின் உலோகத் தகட்டின்மேல் பொதுவாக நான்கு படலங்கள் இருக்கின்றன. முதலாவது, துருப்பிடிக்காமல் இருப்பதற்காக மின்சாரத்தின் துணையோடு படியவைக்கப்படும் காப்புப் படலம். இரண்டாவது, மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் அடிச்சாயம். மூன்றாவது, நம் கண்ணுக்குத் தெரியும் நிறச்சாயம். நான்காவது, அதன்மேல் கண்ணாடிபோல் போர்த்தப்படும் நிறமற்ற மேற்பூச்சு. பட்டறைக்காரர்கள் இதனைக் 'கிளியர் கோட்' என்பர்.

இந்த நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான். மேற்பூச்சு மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, நாம் மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மின்ன வைப்பது ஒரு தலைமுடியைவிட மெல்லிய படலத்தை! வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் பொருளும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. அது மெலிந்தால் பாதுகாப்பும் மெலியும்.

பழைய மகிழுந்துகள் பலவற்றில் இந்த மேற்பூச்சே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே சாயத்தில் இருக்கும். இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணுக்குப் படாத மூலையில், வெள்ளைத் துணியில் சிறிது போலிஷ் தொட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மகிழுந்தின் நிறம் ஒட்டினால் மேற்பூச்சு இல்லை என்று பொருள். அழுக்கு மட்டுமே ஒட்டினால் மேற்பூச்சு இருக்கிறது.

நான் கணக்கியல் மாணவி. எங்கள் பாடத்தில் 'தேய்மானம்' என்றொரு சொல் அடிக்கடி வரும். சாயத்தை ஒரு வங்கிக் கணக்காக எண்ணிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை பணம் போடப்பட்டது. அதன்பிறகு எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது. இந்த ஓர் உண்மை மனத்தில் இருந்தால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

மூன்றும் ஒன்றல்ல

கழுவுதல், போலிஷ் செய்தல், மெழுகு பூசுதல் ஆகிய மூன்றையும் நம்மில் பலர் ஒன்றாகவே நினைக்கிறோம். கழுவுதல் அழுக்கை எடுக்கிறது. போலிஷ் சாயத்தையே சிறிதளவு எடுக்கிறது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. சாயத்தின்மேல் தற்காலிகமாக ஒரு போர்வையைப் போர்த்துகிறது. முதலாவதையும் மூன்றாவதையும் அடிக்கடி செய்யலாம். இரண்டாவதை எண்ணித்தான் செய்ய வேண்டும்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். மேற்பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே சீராகத் திரும்பி வருகிறது. அதில் நம் முகம் தெரிகிறது. நுண்ணிய கீறல்கள் இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. மகிழுந்து மங்கித் தெரிகிறது. இரவில் பெட்ரோல் நிலைய விளக்கின் கீழ் கறுப்பு மகிழுந்து ஒன்றைக் கவனியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கீறல்களில், ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு மின்னுகின்றன. அதனால் வட்டமாகத் தோன்றுகின்றன.

அந்தக் கீறல்களைப் போட்டது யார்? பெரும்பாலும் கழுவியவர்தான்! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மணல் ஊரச் சாயம் தேயாதா?

கீறாமல் கழுவும் முறை

ஒரே வாளியில் துணியை நனைத்து, தேய்த்து, அதே வாளியில் அலசி, மறுபடியும் தேய்ப்பதுதான் நம் வழக்கம். மணலை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் தேய்க்கிறோம் என்பதை நாம் உணர்வதில்லை. இதற்குத் தீர்வு இரண்டு வாளிகள். ஒன்றில் சவர்க்கார நீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சவர்க்கார நீரில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்தபின், முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை உதிர்த்துவிட்டுத்தான் மறுபடியும் சவர்க்கார நீரைத் தொட வேண்டும். சில மணித்துளிகள் கழித்து இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்து கிடக்கும் மணல் முழுவதும் உங்கள் சாயத்தில் உரசியிருக்க வேண்டியது.

கீழ்க்காணும் வரிசையை நான் பின்பற்றுகிறேன்.

முதலாவதாக, நிழல் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை வெயில் தாழ்ந்த பின்போ தொடங்குங்கள். தகடு தொட்டால் சுடுகிறது என்றால் சவர்க்காரமும் தண்ணீரும் உடனே காய்ந்து கறையாகிவிடும்.

இரண்டாவதாக, சக்கரங்களை முதலில் கழுவிவிடுங்கள். அங்கேதான் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அதிகம். அதற்கெனத் தனி வாளி, தனித் துணி இருக்கட்டும். சக்கரத் துணி ஒருபோதும் சாயத்தைத் தொடக்கூடாது.

மூன்றாவதாக, தொடும் முன் தண்ணீர் ஊற்றுங்கள். கூரையிலிருந்து கீழ்நோக்கி நன்றாகத் தண்ணீர் விட்டால் பாதி மணல் தானாகவே இறங்கிவிடும்.

நான்காவதாக, மேலிருந்து கீழே துடையுங்கள். கூரை, கண்ணாடி, போனட், கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். சாலைச் சேறு தெறிப்பது கீழேதான். ஆகவே, அதனை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல், நேர்க்கோட்டில் துடைப்பது நல்லது. துணி கைதவறிக் கீழே விழுந்துவிட்டால் அதை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். சிமெண்டுத் தரையின் மணல் அதில் ஏறியிருக்கும்.

ஐந்தாவதாக, ஒரு பக்கம் முடிந்தவுடன் அந்தப் பக்கத்தை அலசிவிடுங்கள். சவர்க்காரம் காயக்கூடாது.

இறுதியாக, தண்ணீர் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள தாதுக்கள், நீர் ஆவியானபின் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். உலர்ந்த, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து மெல்ல ஒற்றி எடுங்கள்.

சவர்க்காரம் பற்றி ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகவே தயாரிக்கப்பட்டது. சாயத்தின்மேல் நாம் பூசிய மெழுகுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது; இரண்டையும் கழற்றிவிடும். மகிழுந்துக்கான ஷாம்பூ மெழுகைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். துணி வழுக்கிச் செல்லவும் உதவும். மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளை அடைத்துக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சும் ஆற்றலைக் குறைத்துவிடும். இரண்டு வாளி, ஷாம்பூ, கையுறை, துண்டு என எனக்கு ஆன மொத்தச் செலவு 60 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

ஒட்டிக்கொண்டவை

கழுவினாலும் போகாதவை சில உண்டு. பறவை எச்சம் அவற்றில் முதன்மையானது. நம் நாட்டு வெயிலில் சில மணி நேரத்திலேயே அது சாயத்தில் நிரந்தரத் தழும்பை ஏற்படுத்திவிடக்கூடும். கண்டவுடன் அகற்ற வேண்டும். ஆனால், காய்ந்த எச்சத்தை அப்படியே துடைத்தால் அதிலுள்ள விதையும் மணலும் கீறிவிடும். நனைத்த மெல்லிழைத் தாளை அதன்மேல் ஐந்து நிமிடம் வைத்து, ஊறியபின் அள்ளி எடுங்கள்.

தாமான் வீடுகளின் வாசலில் மாமரம் நிற்பது நமக்குப் பழகிய காட்சி. அதன் நிழலில் நிறுத்திய மகிழுந்தில் பிசுபிசுப்பான துளிகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மரம்தான் பால் வடிக்கிறது என்று அம்மா சொல்வார். பெரும்பாலும் அது இலைச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கழிவு. காயும் முன் வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். காய்ந்து வெயிலேறிவிட்டால்தான் தொல்லை.

கழுவித் துடைத்தபின், கையைப் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் நுழைத்துக்கொண்டு சாயத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், சாலையின் இரும்புத்தூளும் தாரும் சாயத்தில் குத்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இவற்றை எடுக்கக் களிமண் போன்ற ஒரு கட்டி கடைகளில் கிடைக்கிறது. சாயத்தின்மேல் வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, கட்டியை அழுத்தாமல் நகர்த்தினால் அந்தத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொள்ள வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு குப்பையில் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை இதைச் செய்தால் போதும்.

நான் செய்த தவறு

இனி, தேய்க்கும் பகுதி. போலிஷ் என்பது மிக மிக நுண்ணிய மணல் கலந்த பசை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள சாயத்தைக் குறைத்து, பரப்பைச் சமமாக்குகிறது. கீறல் நிரம்புவதில்லை, அதைச் சுற்றியுள்ள சாயம் இறங்கி வருகிறது. 'கம்பவுண்ட்' என்பது இதே பசையின் முரட்டு வகை. இன்னும் விரைவாக வெட்டும்.

எங்கள் காடியின் போனட் வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. ஐந்தாம் படிவத்து வேதியியலில் 'பெங்ஒக்சிடாஆன்' என்று மலாயில் மனப்பாடம் செய்த அதே ஆக்சிசனேற்றம்தான் வெயிலோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்திருந்தது. நான் கடையில் இருந்த கம்பவுண்ட் வகைகளிலேயே மிகவும் முரடானதை வாங்கினேன். அடுத்த வீட்டு அங்கிளிடம் சுழலும் போலிஷ் இயந்திரத்தை இரவல் வாங்கினேன். அரை மணி நேரத்தில் போனட்டின் நடுவே சிவப்பு பொங்கி வந்தது. பஞ்சு முழுவதும் சிவப்பாகிவிட்டது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். போனது அழுக்கல்ல, அப்பாவின் சாயம்.

அந்த மகிழ்ச்சியில் போனட்டின் இடது ஓரத்துக்கு வந்து, இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஐந்தாறு விநாடிதான் இருக்கும். சிவப்புக்கு நடுவில் ஐம்பது சென் நாணய அளவுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. அடிச்சாயம்!

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்தார். மின்னிக்கொண்டிருந்த நடுப்பகுதியை அவர் பார்க்கவே இல்லை. நேராக ஓரத்துக்குப் போய், கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். "தேச்சா போயிரும்மா. கழுவுனா போதும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் செய்த தவறுகள் நான்கு. ஓரங்களிலும் மடிப்புகளிலும் சாயம் இயல்பாகவே மெல்லியதாகப் படிந்திருக்கும். அங்கே இயந்திரத்தின் அழுத்தமும் ஒரே புள்ளியில் குவியும். ஆகவே, ஓரங்களை முதலில் சாயப் பட்டறையினர் பயன்படுத்தும் ஒட்டுத்தாளால் மூடியிருக்க வேண்டும். ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் ஓரிடத்தில் நின்றால் சூடேற்றிச் சாயத்தை எரித்துவிடும். புதியவர்களுக்குச் சுழன்றுகொண்டே அதிரும் இருவழி இயந்திரம், அல்லது வெறும் கையே பாதுகாப்பானது. முரட்டு வகையில் தொடங்கியது மூன்றாவது தவறு. எப்போதும் மிக மென்மையான போலிஷில் தொடங்கி, ஒரு சாண் சதுர இடத்தில் சோதித்துப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த வகைக்குப் போக வேண்டும். நான்காவது, எல்லாக் கீறலையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். நகத்தால் தடவும்போது நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலைப் போலிஷால் எடுக்க முயலக்கூடாது. அதை எடுப்பதற்குள் சாயமே முடிந்துவிடும்.

நன்றாகக் கழுவப்படும் மகிழுந்துக்குப் போலிஷ் அடிக்கடி தேவைப்படாது. மேலோட்டமாகப் பார்த்து மங்கல் இல்லை என்றால் அதைத் தொடாமல் இருப்பதே சிறந்த பராமரிப்பு.

மெழுகு என்னும் போர்வை

மகிழுந்துக்குப் பூசும் மெழுகில் புகழ்பெற்றது கார்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு இது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது; ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசில்தான் உருகும். வெயிலில் நீர் இழக்காமல் இருக்க அந்தப் பனை தன் ஓலைக்குப் போட்டுக்கொண்ட கவசத்தை நாம் மகிழுந்துக்குக் கடன் வாங்குகிறோம். இதைத் தவிர, செயற்கைப் பொருளால் ஆன காப்புப் பூச்சுகளும், 'செராமிக்' எனப்படும் சிலிக்கா பூச்சுகளும் உள்ளன. அவை கூடுதல் காலம் உழைக்கும். ஆனால், செராமிக் பூசும் முன் பரப்பு குறையின்றி இருக்க வேண்டும். இல்லையேல் கீறல்களையும் சேர்த்தே மூடிவிடும்.

மெழுகு கீறலைப் போக்காது. வெயில், மழை, எச்சம், தூசு ஆகியவற்றின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். சாயத்துக்குப் பதிலாகத் தான் தேயும். அதுதான் அதன் வேலை. கழுவி, முற்றிலும் உலர்ந்த, சூடில்லாத பரப்பில் மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசுவதால் பயனில்லை. துடைக்கும்போது அத்தனையும் துணியோடு வந்துவிடும். விரலால் கோடிழுத்தால் பூசியது சுத்தமாக வழித்துக்கொண்டு வரும் பதத்துக்குக் காய்ந்ததும், தூய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை தங்கும், எச்சரிக்கை தேவை.

நம் வெயிலுக்கும் மழைக்கும் கார்னாபா பல மாதம் தாங்காது. மழைநீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்வரை மெழுகு இருக்கிறது. தண்ணீர் தகடுபோல் படர்ந்து நிற்கத் தொடங்கினால் மறுபடியும் பூசும் காலம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறோம்.

முடிவாக

அக்காவின் திருமணத்துக்கு முன் அந்த இடத்துக்குச் சாயப் பேனா வாங்கிப் பூசினேன். துரு ஏறாமல் இருக்க அது தேவை. ஆனால், புதுச் சிவப்பும் முப்பதாண்டு வெயில் குடித்த சிவப்பும் ஒன்றாகுமா? பூசிய இடம் தனியாகத்தான் தெரிந்தது.

திருமணத்தன்று விடியற்காலையில் பூ அலங்காரம் செய்பவர் வந்தார். போனட்டின் நடுவில் பூங்கொத்தை வைத்து அளவு பார்த்தார். அப்பா அருகில் போய், "கொஞ்சம் லெஃப்ட்ல வைங்க தம்பி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி ஓரம்வரை கொண்டுபோனார். நடுவில் இருந்தால்தான் அழகு என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அப்பா கேட்கவில்லை. திருமணப் படங்களைப் பார்த்த உறவினர்கள் பூ ஏன் ஒருபக்கமாக இருக்கிறது என்று இன்றும் கேட்கிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டே படத்தைப் புரட்டிவிடுவார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் பெற்றோரின் உழைப்பில் வாங்கிய ஒரு மகிழுந்து நின்றுகொண்டிருக்கலாம். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, இன்னொரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவிக் கொடுங்கள். வசதி இருந்தால் மெழுகு பூசுங்கள். தேய்க்கும் ஆசை வந்தால் மட்டும் சற்று நின்று யோசியுங்கள்.

நான் இப்போது விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வாளியோடு காடியைக் கழுவுகிறேன். போனட்டின் இடது ஓரத்துக்கு வரும்போது என் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது.